குமிழியைப் பார்ப்பவள்

1

"மூச்சு விடுறதையும் வகுப்பு வைச்சுப் படிப்பிக்கினமோ? அப்ப இவ்வளவு காலமும் நீ என்னத்தாலை உயிரோடை இருந்தனீ?"

சென்ற வருடம் இதே வாரம் அப்பா என்னிடம் கேட்டது இது. வட்ஸ்அப்பில், கட்டிலில் படுத்தபடி கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். பக்கத்தில் நின்ற அம்மாவும் சிரித்தார். தொலைபேசியைப் பிடித்திருந்த தம்பி கஜன் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது.

நான் சிரிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலோடு நின்றவர்கள். கையெழுத்துக் கேட்கும் இடத்தில் அப்பா இன்றும் பெருவிரலைத்தான் வைப்பார். தம்பி எட்டாம் வகுப்பில் கொப்பியை மூடியவன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். விமானத்தில் ஏறிய முதல் ஆளும் நான். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவளுக்கு மூச்சுவிடத் தெரியவில்லை என்பது அவர்களுக்கு நல்ல பகிடியாக இருந்தது.

அந்த வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பௌத்த பிக்குகள் செய்யும் தியானம். முதலில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடம்பைக் கால்விரலிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு இடமாகக் கவனிப்பது. அவ்வளவுதான். இதனால் என்ன பயன் என்று ஊரில் இருந்து பலர் கேட்டுவிட்டார்கள், சிலர் உண்மையாகவும் சிலர் நக்கலாகவும். பயன் இருக்கிறது. ஆனால் நான் கண்ட பயனை எங்கள் வீட்டில் ஒருவரும் விரும்பவில்லை.

2

நான் இருப்பது நோர்வேயின் வடக்கில் ஒரு சின்னத் துறைமுக நகரம். யாழ்ப்பாணத்தில் மீன்வளம் படித்து, மேற்படிப்புக்கு இங்கே வந்து, படிப்பு முடிய ஒரு மீன் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. மீன் மணம் வேண்டாம் என்றுதான் நான் விழுந்து விழுந்து படித்தேன். படிப்பு என்னை உலகத்தின் மறு நுனிக்குக் கொண்டுவந்து மறுபடியும் மீனுக்குப் பக்கத்தில் விட்டது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மணக்கிறேன்.

வந்த மூன்றாவது குளிர்காலத்தில் அது தொடங்கியது. குளிரறைக்குள் மாதிரி எடுக்கப் போனேன். பின்னால் கதவு மூடிய சத்தத்தோடு நெஞ்சு இறுகியது. கை விறைத்தது. மூச்சு உள்ளே போகிறதா இல்லையா என்று தெரியவில்லை. மீன் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்த என்னைக் கூட வேலை செய்யும் ஒருவர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த கிழமையும் வந்தது. பிறகு பஸ்ஸில் வந்தது. பிறகு வீட்டில், பல் தீட்டும்போது.

மருத்துவரிடம் போனேன். நெஞ்சை அடைக்கிறது என்பதற்கு நோர்வேஜிய மொழியில் சொல் வரவில்லை. "அறையில் காற்று இல்லை" என்று சொன்னேன். அவர் உடனே எழுந்து யன்னலைத் திறந்துவிட்டார். பனி உள்ளே வந்து விழுந்தது. இருவரும் நடுங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தோம். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துத் தந்த மொழி, உயிர் போகிறது என்று சொல்ல உதவவில்லை.

நோய் விடுப்பு தந்தார்கள். விடுப்போடு படிவங்களும் வந்தன. என் வதிவிட அனுமதி இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நானும் போகவேண்டும். ஒரு படிவத்தில், "தற்போது உங்கள் வேலை செய்யும் ஆற்றல் எத்தனை வீதம்?" என்று கேட்டிருந்தது. பூச்சியம் என்று எழுதினேன். அலுவலகப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பூச்சியம் போடாதீர்கள். பிறகு உங்களை எதிலும் சேர்க்க முடியாது. நாற்பது போடுங்கள்." நாற்பது போட்டேன். நாற்பது வீதம் போட்டதால்தான் சுகாதார நிலையத்தில் நடக்கும் மூச்சு வகுப்புக்கு அனுப்பினார்கள். எட்டு வாரம். முடிவில் ஆசிரியர் கையெழுத்து வைத்தால் விடுப்பு நீளும்.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் போனேன். வேறு எந்த நல்ல நோக்கமும் எனக்கு இருக்கவில்லை.

3

நான் வாடகைக்கு இருப்பது வசந்தி அக்கா வீட்டின் கீழ் அறையில். சண்டிலிப்பாய்ப் பக்கம் சொந்தத் தோட்டமுள்ள குடும்பம். வந்த முதல் நாளே, "உங்கடை ஆக்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காங்கேசன்துறைக்குக் கிட்ட, கடற்கரை என்றேன். "ஓ, கடற்கரையோ," என்றார். அன்றிலிருந்து மேலே போனால் எனக்கு மட்டும் கடதாசிக் கோப்பையில் தேநீர் வரும். கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்வார். அவருடைய சாதி ஆட்களுக்குப் பீங்கான் கோப்பையைக் கழுவ அவருக்கு அலுப்பில்லை.

வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் படியில் இறங்கி வந்தார்.

"எங்களை இவ்வளவு பாடுபடுத்தினவங்கடை சாமியைப் போய்க் கும்பிடுறியோ? உனக்கு வெக்கம் இல்லையோடி பிள்ளை?"

அவருடைய ஒன்பது வயது மகள் மாயா பின்னால் நின்றாள். "அம்மா, அது சாமி இல்லை. பள்ளிக்கூடத்திலை நாங்களும் செய்யிறது. இங்கை கை வைச்சு…" என்று தொடங்கி, தன் நெஞ்சில் கை வைத்தாள். நெஞ்சு என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. நோர்வேஜியத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நெஞ்சு," என்றேன்.

"ஓம், அது," என்றாள்.

வசந்தி அக்கா மகளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் பிள்ளைக்கு நெஞ்சு என்ற சொல் இல்லை. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. கடதாசிக் கோப்பை தந்த கைக்கு இது போதும் என்று நினைத்தேன்.

வகுப்பு எடுத்தவர் இங்ரிட். அறுபது வயது இருக்கும். இளவயதில் கண்டிப் பக்கம் ஒரு மடத்தில் சில மாதம் இருந்தவராம். நான் இலங்கை என்றதும் இரண்டு கைகளையும் கூப்பினார். "நீங்கள் கொடுத்துவைத்தவர். புத்தரைக் கும்பிடும் மண்ணில் பிறந்திருக்கிறீர்கள்."

நான் அகதி முகாமில் பிறந்தவள். எங்கள் ஊர் நான் பிறக்க முன்பே இராணுவத்திடம் போய்விட்டது. பல வருடம் கழித்துக் காணி பார்க்க விட்ட நாளில் பத்திரங்களோடு இராணுவ முகாம் வாசலில் வரிசையில் நின்றோம். வாசலில் அரசமரம், அதன் கீழே புத்தர், கண்ணை மூடியபடி. அப்பாவின் சக்கரநாற்காலியின் அடியைச் சிப்பாய் ஒருவன் தடியால் தட்டிப் பார்த்தான். பிறகு அப்பாவின் காலையும் தட்டிப் பார்த்தான். அப்பாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. புத்தர் கண் திறக்கவில்லை.

இதை இங்ரிட்டிடம் சொன்னேன். அவருடைய முகம் சிவக்கும்வரை சொன்னேன். நோக வேண்டும் என்றே சொன்னேன், நொந்தது. "அந்தப் புத்தரைப் பற்றி எனக்குத் தெரியாது. மூச்சைப் பற்றி மட்டும் தெரியும். இருக்கப் போகிறீர்களா, போகப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

கையெழுத்தை நினைத்து அங்கேயே இருந்துவிட்டேன்.

4

கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார். நான் உடனே மூச்சை அடக்கினேன்.

மற்றவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்கள் ஆட்களிடம் சொன்னால் விளங்கும். அப்பா சுழியோடி, கடலடிக்கு மூழ்குபவர். ஊரைவிட்டு வந்தபின் வலை போட எங்களுக்குக் கடல் இருக்கவில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் போகும் படகில் ஏறினார். முதலில் வெறும் மூச்சோடு, பிறகு சிலிண்டரோடு. எங்கள் வீட்டில் நல்ல மூச்சு என்றால் அடக்கி வைத்த மூச்சு. சின்ன வயதில் என்னையும் கஜனையும் தண்ணீர் வாளிக்குள் முகத்தை வைக்கச் சொல்லிவிட்டு அப்பா எண்ணுவார். கஜன் நூறில் எழும்பி இருமுவான். நான் இருநூறு வரை முகத்தை எடுக்க மாட்டேன்.

"ஆம்பிளைப் பிள்ளை நூறிலை எழும்புது, பெட்டை இருநூறிலை நிக்குது," என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்வார். கஜன் ஈரமுகத்தோடு நிற்பான். நான் வென்றதை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே வகுப்பிலும் வெல்லப் பார்த்தேன். மனதுக்குள் எண்ணினேன். நூற்றைம்பதில் இங்ரிட் என் தோளில் கை வைத்தார். கண்ணைத் திறந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் உங்களை அடக்கச் சொன்னது?" என்றார்.

மூன்று வாரம் அதே பிழையைச் செய்தேன். மூச்சைப் பார்க்கத் தொடங்கினால் அது நின்றுவிடும். நான்காவது வாரம் ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் மூச்சைச் சும்மா பார்ப்பதே ஒரு வேலை. சுழியோடி கீழே இருக்க, படகில் ஒருவர் தண்ணீரில் எழும்பும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. குமிழி ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார். பிசகினால் சுழியோடியின் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுப்பார். இழுத்தால் மேலே வரும் சுழியோடி நிச்சயம் ஏசுவார், கையில் அகப்பட்ட சங்கை விட்டுவிட்டு வந்தேன் என்று. இழுத்தவர் ஏச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அப்பாவின் குமிழியைப் பார்த்தவர் அம்மாவின் தமையன், எங்கள் மாமா.

அன்று நான் என் மூச்சை மாமா பார்ப்பதுபோல மேலே இருந்து பார்த்தேன். அது தன்பாட்டில் வந்தது, போனது. ஒரு கரைச்சலும் தரவில்லை. வகுப்பு முடிய, வருத்தம் தொடங்கியபின் முதல் முறையாக நல்ல நித்திரை வந்தது. வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல் படுத்தேன்.

ஆனால் மாமாவை நினைத்தால் மற்றதும் வரும். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. ஒரு நாள் இரண்டாம் முறை மேலே வந்த அப்பாவுக்கு வலது தோள் வலித்து உளைந்தது. கரைக்குப் போவோம் என்றார் மாமா. "கீழை போனா விட்டுடும்," என்று அப்பா மறுபடி இறங்கினார். எங்கள் சுழியோடிகளிடம் உள்ள பழக்கம் இது. கீழே போனால் உண்மையிலேயே விட்டுவிடும். மேலே வரும்போது உடம்புக்குள் உண்டாகி உளைவு தரும் காற்றுக் குமிழிகள் ஆழத்தின் அழுத்தத்தில் சுருங்கும். மேலே வர அவை மறுபடி ஊதும். நான் இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்பா படகில் ஏறும்போது படித்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் எழும்பவில்லை.

மாமா கயிற்றை இழுத்திருக்கலாம். ஏச்சுக்குப் பயந்து இழுக்கவில்லை. இன்றும் வீட்டுக்கு வந்தால் கட்டில் பக்கம் பார்க்காமல் கதைத்துவிட்டுப் போவார்.

5

அடுத்தது உடம்பைக் கவனிப்பது. மல்லாந்து படுக்கவேண்டும். "இடது காலின் பெருவிரலுக்குப் போங்கள். அங்கே என்ன தெரிகிறது?" என்று இங்ரிட் கேட்பார். சூடு, குளிர், துணி படுவது, ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியாதது. பிறகு பாதம், கணுக்கால், முழங்கால்.

இதை அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பெருவிரலிலை என்ன தெரியுதெண்டு கேக்கிறாவோ? எனக்கும் ஒருக்காக் கேட்டுச் சொல்லு மோனை. என்ரை பெருவிரல் எங்கை போச்சுதெண்டு பத்து வருசமாத் தேடுறன்."

பிறகு ஒரு நாள் அவரே, "சரி, படிப்பி பாப்பம்," என்றார். தலையிலிருந்து தொடங்கினேன். உச்சி, நெற்றி, தாடை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தார். தோளுக்கு வந்தபோது அவருடைய முகம் சுருங்கியது. நெஞ்சு, வயிறு. இடுப்புக்கு வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இதோடை நிப்பாட்டு. இதுக்குக் கீழை கடை பூட்டு."

சிரித்தோம். தொலைபேசியை வைத்தபின் கால்விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தேன்.

பயன் இருக்கிறது என்றேன் அல்லவா? நித்திரை வந்தது. சாப்பிட்டவுடன் எரியும் வயிறு எரிவதை நிறுத்தியது. குளிரறைக்குள் மறுபடி போனேன். கதவு மூடியது, நெஞ்சு இறுகியது, பாதம் தரையில் இருப்பதைப் பார்த்தேன், இறுக்கம் வந்த வழியே போனது. எட்டாம் வாரம் இங்ரிட் கையெழுத்து வைத்தபோது எனக்கு அந்தக் கையெழுத்துத் தேவைப்படவில்லை. முழு நேர வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

இன்னொன்று. கடதாசிக் கோப்பையைக் கையில் வாங்கும்போதெல்லாம் என் தாடை கல்லாக இறுகுவதை ஒரு நாள் கண்டேன். இரண்டு வருடமாக இறுகியிருக்கிறது, எனக்குத் தெரியாது. நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கும் பீங்கான் கோப்பை தாங்கோ அக்கா. கழுவி வைச்சிட்டுப் போறன்," என்றேன். குரல் உயரவில்லை. வசந்தி அக்கா கடதாசிக் கோப்பையை எடுத்துக் குப்பையில் போட்டார். அவருடைய கணவருக்கு முன்னாலேயே சொன்னேன். இப்போது பீங்கானில் வருகிறது.

ஆனால் உடம்பை உற்றுப் பார்ப்பவளுக்கு அது எல்லாவற்றையும் காட்டும், கேட்டதை மட்டும் காட்டாது. அப்பா ஆசுப்பத்திரியில் கிடந்த ஆறு கிழமையும் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. பரீட்சை இருந்தது. "அப்பா படுத்த நாளிலும் புத்தகத்தை மூடாதவள்" என்று என்னைப் பற்றி நானே சொல்லி வந்தேன். புலமைப்பரிசில் நேர்முகத்தில் சொன்னேன், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இந்த வருடம் ஒரு காலை, தோளிலும் தொண்டையிலும் கவனத்தை வைத்துக்கொண்டு அதை நினைத்தேன். அங்கே படிப்பும் இல்லை, உறுதியும் இல்லை. அருவருப்பு இருந்தது. அசையாத அந்தக் கால்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்திருக்கிறது. அதற்கும் கீழே கோபம். யாரும் தள்ளிவிடாமல், வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தானாக இறங்கியவர் மேல் கோபம்.

6

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜன்தான் தொலைபேசியைப் பிடித்திருந்தான். அவன் வலைத்தொழிலுக்குப் போகிறான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா எதையோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் அவனுடைய கையைப் பார்த்தேன்.

"ஏன்டா இடக்கையாலை பிடிக்கிறாய்?"

"சும்மா."

"வலக்கையைத் தூக்கிக் காட்டு."

"நீ என்ன அக்கா, டொக்டரோ?"

"தூக்கடா எண்டு சொன்னனான்."

தூக்கினான். தோள் உயரத்துக்கு வந்து நின்றது. உதட்டைக் கடித்தான்.

"உளையுதோ?"

"கொஞ்சம். அது ஒண்டுமில்லை. கீழை போனா விட்டுடும்."

அம்மா கதைப்பதை நிறுத்தினார். என்ன சொல்லிவிட்டோம் என்று கஜனுக்கும் விளங்கியது.

"எப்ப இருந்து கீழை போறாய்?"

"போன பொங்கலுக்குப் பிறகு. இப்ப என்ன? ஊரிலை எத்தினை பேர் போறாங்கள்."

"அப்பாட்டைக் குடு."

படம் திரும்பியது. அப்பா என் கண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சோ விட்டனீங்கள்?"

"அவனுக்கு நல்ல மூச்சு பிள்ளை. என்னை விடக் கெட்டிக்காரன் எண்டு சம்மாட்டியே சொல்லுறான்." சம்மாட்டி என்றால் படகுக்காரர், சிலிண்டர்களும் அவருடையவை. "உளைவு எல்லாருக்கும் வாறதுதான்."

அப்பாவின் குரலில் பெருமை இருந்தது. நூறில் எழும்பிய பிள்ளை கடைசியாக இருநூறைத் தாண்டிவிட்டான்.

முன்பு என்றால் அந்த இடத்திலேயே மூச்சு முட்டி விழுந்திருப்பேன். இப்போது முட்டவில்லை. பாதம் தரையில் இருந்தது. தாடை இறுகுவது தெரிந்தது, அதை இளக்கினேன். ஒரு மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அதன் பிறகு சொன்னேன்.

"உங்களுக்குத் தனியப் படுத்து அலுத்துப் போச்சோ அப்பா? பக்கத்திலை இன்னொரு கட்டில் போடப் பாக்கிறியளோ?"

அப்பாவின் கீழ் உதடு ஆடியது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடியே!" என்று அம்மா கத்தினார்.

கஜன் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினான். "வாயை மூடு! நீ அங்கை சொகுசா இருந்து மூச்சைப் பார். நான் இங்கை மூச்சை வித்துத்தான் உவையளுக்குச் சோறு போடுறன். படிச்ச திமிர் உனக்கு."

வைத்துவிட்டான்.

தியானம் செய்தால் மனம் கனிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். அந்த வசனத்தை நான் ஆத்திரத்தில் சொல்லவில்லை. ஆத்திரம் போகும்வரை காத்திருந்து, எந்த இடத்தில் நோகும் என்று தெரிந்து சொன்னேன். பதற்றம் இருந்த காலத்தில் எனக்கு இப்படிக் குறி பார்க்கத் தெரியாது.

7

அதன் பிறகு கஜனுக்கு எத்தனையோ முறை எழுதினேன். ஆசுப்பத்திரிக்குப் போ என்றேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று படம் கீறி அனுப்பினேன். பெருவிரல் தூக்கிய சின்னம் ஒன்று பதிலாக வந்தது. அம்மா மட்டும் களவாக எடுத்துக் கதைப்பார்.

"இப்ப ரெண்டு நாளா இடக்கையாலைதான் சாப்பிடுறான். கேட்டாக் கத்துறான்."

"நாளைக்கும் போறானோ?"

"ஓம். போய்ட்டு வந்தாச் சுகமாம்."

மறுநாள் காலை வேலைக்குப் போகமுன் அரை மணி நேரம் கண்ணை மூடி இருந்தேன். மூச்சைப் பார்த்தேன். அது ஒழுங்காக இல்லை. ஒழுங்காக்கவும் முயலவில்லை. மாமாவை நினைத்தேன். கயிறு கையில் இருக்க, ஏச்சுக்குப் பயந்து நின்ற மாமாவை.

எழுந்து கொம்பியூட்டரைத் திறந்தேன். சிலிண்டர் கட்டிச் சுழியோட அனுமதி வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இது என் படிப்பு. எந்தப் பிரிவுக்கு, எந்த அதிகாரிக்கு, எந்தச் சட்டத்தைச் சொல்லி எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். படகின் இலக்கம், புறப்படும் கரை, நேரம், சம்மாட்டியின் பெயர். அனுமதியில்லாமல் இறங்குபவர்கள் என்ற இடத்தில் முதலாவதாக என் தம்பியின் முழுப் பெயரை எழுதினேன். கீழே என் பெயரையும் உறவையும் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கடிதம் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். குடும்பத்திலிருந்து போன முதல் முறைப்பாடு வீட்டுப் பிள்ளையின் மேல் போனது.

பிரதியைக் கஜனுக்கு அனுப்பினேன். அதை அவன் வேறு யாருடைய வாயாலும் கேட்கக் கூடாது.

அந்தக் கிழமையே அதிகாரிகள் கரைக்கு வந்து படகை மறித்திருக்கிறார்கள். சிலிண்டர்களைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் படகை நம்பியிருந்தது எங்கள் வீடு மட்டும் இல்லை, இன்னும் நான்கு வீடுகள். அந்த நான்கு வீட்டு அடுப்பையும் நான் அணைத்திருக்கிறேன். எனக்கு அது தெரியும். சுற்றிவளைத்துச் சொல்ல விருப்பமில்லை.

சம்மாட்டி எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்று கத்தினாராம். "எங்கை உன்ரை படிச்ச பெட்டை? வெளிநாட்டிலை இருந்து எங்கடை வயித்திலை அடிக்கிறாளோ?" அம்மா அழுதுகொண்டு நிற்க, உள்ளே கட்டிலில் இருந்து அப்பாவின் சத்தம் வந்ததாம்.

"அவளைப் பேசாதை. நான்தான் சொல்லி எழுதுவிச்சனான்."

அது பொய். கடிதம் போனதே அவருக்கு அப்போதுதான் தெரியும். எனக்காகச் சொன்னாரா, தன் சொல் இல்லாமல் தன் வீட்டில் ஒன்றும் நடக்காது என்று காட்டச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. நானும் அந்தக் கட்டில் கதைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டியதை நேரே, அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கப் போகிறேன். பதினொரு வருடத்துக்கு முன் போகாத இடம் அது.

சித்திரையில் போகிறேன். பழைய நோய் விடுப்பின் கடைசிப் படிவத்தில் வேலை செய்யும் ஆற்றல் எத்தனை வீதம் என்று மறுபடி கேட்டிருந்தது. நூறு என்று எழுதிக் கொடுத்தேன். நேற்று விமான ரிக்கற் எடுத்து, அதன் படத்தைக் கஜனுக்கும் அனுப்பிவிட்டேன்.

பதிலாக ஒரு குரல் பதிவு வந்தது. அதில் சொல் ஒன்றும் இல்லை. மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. காதில் வைத்து நான்கு தரம் கேட்டேன். ஒழுங்காகத்தான் இருந்தது.

"வராதை பிள்ளை," என்று அம்மா இன்று காலை சொன்னார். "படலையிலை வைச்சே உனக்குக் கன்னத்திலை அடிப்பன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறான்."

"எப்பிடித் திரியிறான்? நடந்தோ?"

"வேறை எப்பிடி? நடந்துதான்."

அடிக்கட்டும். நடந்து படலைக்கு வந்து, அந்த வலது கையைத் தூக்கி அடிக்கட்டும்.